பிரசன்ன லக்னம்: எந்த நேரத்தைக் குறிப்பது?

திருச்சியில் இருக்கும் ஒருவர் இரவு 9.10க்கு ஒரு ஜோதிடருக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பீரோவில் வைத்த சங்கிலியைக் காணவில்லை, கிடைக்குமா என்பது கேள்வி. சென்னையில் இருக்கும் ஜோதிடர் அதற்குள் படுத்துவிட்டார். மறுநாள் காலை 6.40க்குச் செய்தியைக் கேட்கிறார். குளித்துப் பூஜை முடித்து, 8.15க்குக் கணினி முன்னால் உட்கார்ந்து கட்டம் போடுகிறார். லக்னத்துக்கு அவர் எடுத்துக்கொள்ள வேண்டிய நேரம் எது? சங்கிலி இல்லை என்று தெரிந்த நேரமா, ஜோதிடரைக் கேட்கலாம் என்று தோன்றிய நேரமா, செய்தி அனுப்பிய நேரமா, அது ஜோதிடர் காதில் விழுந்த நேரமா, அவர் பதில் பார்க்க உட்கார்ந்த நேரமா? ஐந்தில் எதற்கும் ஒரு நியாயம் சொல்லிவிடலாம். ஐந்துக்கும் ஒரே பலன் வராது என்பதுதான் தொல்லை.

பிறப்பு ஜாதகத்திலும் நேரத் தகராறு உண்டு. தலை தெரிந்த நேரமா, குழந்தை முழுதாக வெளியே வந்த நேரமா, முதல் அழுகையா, கொடி அறுத்த நேரமா என்று வாதிடுவார்கள். ஆனால் அந்த வாதம் சில நிமிடங்களுக்குள் அடங்கிவிடும். கேள்விக்கு அப்படி ஓர் உடல் கிடையாது. அது ஒருவர் மனத்தில் நாள்கணக்கில் ஊறிக் கிடக்கலாம், வீட்டில் நான்கு பேரிடம் பேசப்பட்டிருக்கலாம், பாதி வார்த்தையாக வெளிவந்து மறுபடி திருத்திக் கேட்கப்படலாம். பிரசன்ன ஜோதிடம் கேள்வி பிறந்த கணத்துக்குக் கட்டம் போடுவதாகச் சொல்கிறது. அந்தப் பிறப்பு எப்போது நடந்தது என்பதை யார் தீர்மானிப்பது என்ற இடத்தில் ஒவ்வொரு மரபும் தனித்தனி வழியில் பிரிகிறது. இந்தப் பலன்கள் பலிக்குமா என்ற வழக்கு வேறு. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இந்த முறைகள் தம் சொந்தக் கணக்கில் எவ்வளவு உறுதியாக நிற்கின்றன என்று பார்ப்போம்.

கணக்கு எளியது. பூமி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கீழ்வானில் பன்னிரண்டு ராசிகளும் உதித்துவிடுகின்றன. சராசரியாக ராசிக்கு இரண்டு மணி நேரம், பாகைக்கு நான்கு நிமிடம். உண்மையில் எல்லா ராசியும் ஒரே வேகத்தில் உதிப்பதில்லை. தமிழ்நாட்டில் வழங்கும் ராசிமானக் கணக்கில் மேஷமும் மீனமும் 4¼ நாழிகையில் முடிந்துவிட, கடகமும் தனுசும் 5½ நாழிகை எடுத்துக்கொள்கின்றன. லக்னத்தின் நவாம்சம் சராசரியாகப் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். கிரகங்களில் மிக வேகமான சந்திரனோ ஒரு மணி நேரத்தில் அரைப் பாகையைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதே ஒரு மணி நேரத்தில் லக்னம் பதினைந்து பாகை போயிருக்கும். சங்கிலிக் கேள்வி அனுப்பப்பட்டதற்கும் கேட்கப்பட்டதற்கும் இடையில் ஒன்பதரை மணி நேரம். சந்திரன் ஐந்து பாகை நகர்ந்திருப்பார்; சூரியன் அரைப் பாகை கூட நகர்ந்திருக்க மாட்டார்; சனியும் குருவும் இருந்த இடத்திலேயே. லக்னம் மட்டும் ஏறக்குறைய ஐந்து ராசி தள்ளிப் போயிருக்கும். ஆக, சரியான நேரம் எது என்ற வழக்கு முழுவதும் லக்னத்தின் வழக்கு. லக்னம் மாறினால் பன்னிரண்டு பாவங்களும் மாறும். இழந்த பொருளைக் காட்டும் இரண்டாம் பாவமும் திருடனைக் காட்டும் ஏழாம் பாவமும் வேறு அதிபதிகளிடம் போய்விடும்.

பழைய நூல்களுக்கு இந்தச் சங்கடம் பெரிதாக இருந்திருக்க வாய்ப்பில்லை. வராகமிகிரரின் மகன் பிருதுயசஸ் எழுதிய ‘ஷட்பஞ்சாசிகா’ ஐம்பத்தாறே சுலோகங்களில் பிரசன்னத்தைச் சொல்லி முடிக்கிறது. அதற்கு உரை எழுதியவர்களில் ஒருவரும் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவருமான பட்டோத்பலர், பிரசன்னத்துக்கெனத் தனி நூலும் செய்தார். இந்த நூல்களின் உலகத்தில் கேட்பவர் நேரே வந்து உட்கார்கிறார், வாய் திறந்து கேட்கிறார், ஜோதிடர் காதில் விழுகிறது. கேட்ட நேரமும் கேட்கப்பட்ட நேரமும் ஒன்றுதான். இரண்டையும் பிரித்து வைத்தது தபால். பிறகு தொலைபேசி வந்து சேர்த்தது. குரல் செய்தி மறுபடி பிரித்துவிட்டது.

ஆனால் வேறொரு சங்கடம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. வந்தவர் ஒரு கேள்வியோடு நிறுத்துவதில்லை. மகள் கல்யாணம், மகன் வேலை, தன் உடம்பு, எதிர்வீட்டு வழக்கு என்று பத்து நிமிடத்தில் நாலு கேள்வி கேட்டுவிடுவார். லக்னம் நாலுக்கும் ஒன்றுதான். இதற்கு வழக்கில் இருக்கும் விதி, முதல் கேள்விக்கு லக்னத்திலிருந்து பார், இரண்டாவதற்குச் சந்திரனிலிருந்து, மூன்றாவதற்குச் சூரியனிலிருந்து, நான்காவதற்குக் குருவிலிருந்து பார் என்கிறது. இது சாமர்த்தியமான ஏற்பாடு. ஒட்டுப்போட்ட ஏற்பாடும் கூட. ஒரு கணத்துக்கு ஒரு கேள்வி என்ற அடிப்படை நடைமுறையில் தாங்கவில்லை என்பதை இந்த விதியே ஒப்புக்கொள்கிறது. நேரத்தை மேலும் நுணுக்கமாக அளந்து பிரச்சினையைத் தீர்க்க அவர்கள் முயலவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கட்டத்துக்குள்ளேயே தொடக்கப் புள்ளியை மாற்றிக்கொண்டார்கள்.

அளக்க முயன்றிருந்தாலும் கருவி ஒத்துழைத்திருக்காது. அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணம் நீரில் மிதந்து நிறைந்து மூழ்குவது ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். அதற்குள் லக்னம் ஆறு பாகை போய்விடும். நவாம்சம் ஒன்றுக்கு இரண்டு முறை கூட மாறியிருக்கும். பகலில் நிழலைக் காலடியால் அளந்து நேரம் கண்டார்கள். மழைக்காலத்து மாலையில் நிழலும் கிடையாது. விநாழிகை என்ற 24 விநாடி அளவு கணக்கில் இருந்தது. வந்து நிற்கும் ஆளுக்கு அதை அளந்து சொல்வது வேறு விஷயம்.

கேரளத்தில் 1649இல் இயற்றப்பட்டதாகக் கொள்ளப்படும் ‘பிரச்ன மார்க்கம்’ இந்த நிலைமையை மிகக் கூர்மையாக உணர்ந்த நூல் என்று நினைக்கிறேன். முப்பத்திரண்டு அத்தியாயங்கள் கொண்ட அந்தப் பெருநூல் ஒற்றைக் கணத்தை நம்பி உட்காருவதே இல்லை. ஜோதிடரை அழைக்கத் தூதன் வரும்போதே பிரசன்னம் தொடங்கிவிடுகிறது. அவன் வந்த வேளை, நின்ற இடம், முதலில் சொன்ன சொல், தொட்ட உறுப்பு, அப்போது ஜோதிடரின் மூச்சு வலமா இடமா என்பதெல்லாம் குறிக்கப்பட வேண்டும். ஜோதிடர் வீட்டை விட்டு இறங்கும்போது கண்ட சகுனம், வழியில் எதிர்ப்பட்டது, கேட்பவர் வீட்டில் நுழையும்போது தென்பட்டது எல்லாம் அடுத்தடுத்த சாட்சிகள். பிறகுதான் விளக்கேற்றி, தரையில் ராசிச் சக்கரம் வரைந்து, பூவும் அட்சதையும் சேர்த்துப் பொன் வைக்கும் சடங்கு வருகிறது. சூழ்ச்சி அறியாத ஒரு சிறு பிள்ளையை எந்த ராசியில் வேண்டுமானாலும் வைக்கச் சொல்கிறார்கள். பிள்ளை வைத்த ராசி ஆரூடம். அந்த வேளைக்குக் கீழ்வானில் உதிக்கும் ராசி உதய லக்னம். அஷ்டமங்கலப் பிரசன்னத்தில் நூற்றெட்டுச் சோழிகளை மூன்று குவியலாகப் பிரித்து எட்டெட்டாகக் கழித்து ஒரு மூவிலக்க எண்ணும் எடுக்கப்படும்.

இங்கே உதய லக்னம் கடிகாரத்தைச் சேர்ந்தது. ஆரூடம் கடிகாரத்தைச் சேர்ந்ததல்ல. பொன் வைக்காத எளிய பிரசன்னத்திலும் கேட்பவர் உட்கார்ந்த திசையை வைத்தே ஆரூடம் கொள்ளலாம்: கிழக்கு மேஷ ரிஷபம், தென்கிழக்கு மிதுனம், தெற்கு கடக சிம்மம், இப்படிச் சுற்றி வந்து வடகிழக்கு மீனம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்து இரண்டு திசையில் உட்கார்ந்தால் உதயம் ஒன்று, ஆரூடம் இரண்டு. ஒரே கணத்தில் கேட்கும் பலரை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இந்த மரபில் இல்லை. நேரம் ஒரு சாட்சி, இடம் இன்னொரு சாட்சி, கை வைத்த கட்டம் மூன்றாவது. எல்லாம் ஒத்துப்போனால் பலன் உறுதி, முரண்பட்டால் ஜோதிடர் நிதானிக்க வேண்டும். எந்தச் சாட்சியும் நிமிடத் துல்லியத்தைக் கோரவில்லை.

இதே நூலில் குளிகனுக்குப் பெரிய இடம் உண்டு. அங்கே நேரம் சற்றுக் கறாராக வந்து நிற்கிறது. பகல் முப்பது நாழிகை என்று கொண்டால் ஞாயிறன்று 26ஆம் நாழிகை, திங்களன்று 22, செவ்வாயன்று 18 என நான்கு நான்காகக் குறைந்து சனியன்று 2ஆம் நாழிகையில் குளிகன் உதிக்கும். நாழிகை எண்ணுவது அந்த ஊரின் சூரிய உதயத்திலிருந்து. இந்தக் கணக்கைக் கைக்கடிகாரத்தோடு இணைக்கும்போதுதான் நவீன காலத்தின் கலப்பு தொடங்குகிறது. இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. 1906 முதல் வழக்கில் இருக்கிறது. சென்னையின் உள்ளூர் நேரம் அதைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் பின்தங்கியது. கண்ணூருக்கு அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இருபத்தெட்டு நிமிடம், அதாவது லக்னக் கணக்கில் ஏழு பாகை. பஞ்சாங்கத்தில் எந்த ஊரின் உதயம் போட்டிருக்கிறது என்று பாராமல், ‘ஆறு மணிக்கு விடிகிறது’ என்று வைத்துக்கொண்டு போடப்படும் கட்டங்கள் இன்றும் ஏராளம். சென்னையில் சூரியன் ஜூன் தொடக்கத்தில் 5.40ஐ ஒட்டியும் ஜனவரிக் கடைசியில் 6.35ஐ ஒட்டியும் உதிக்கிறான்.

தமிழ்நாட்டில் செல்வாக்கோடு இருக்கும் ஜாமக்கோள் பிரசன்னத்தில் இந்தக் கலப்பு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. பகலையும் இரவையும் எட்டெட்டு ஜாமங்களாகப் பிரித்து, ஜாமத்துக்கு மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம் என்று கொண்டு, ராசிக் கட்டத்துக்கு வெளியே ஜாமக் கிரகங்களை நிறுத்துவார்கள். உள்ளே உதயம், ஆரூடம், கவிப்பு என்று மூன்று புள்ளிகள். கேள்வி கேட்ட நேரம் இந்த முறைக்கு உயிர். ஜாமத்தின் தொடக்கத்தை உண்மையான சூரிய உதயத்திலிருந்து எண்ணுவதா, ஆறு மணியிலிருந்து எண்ணுவதா என்பதில் கட்சி பிரிந்திருக்கிறார்கள். அதைவிடச் சுவையானது ஆரூடம். கேள்வி கேட்ட வேளையில் கடிகாரத்தின் நிமிட முள் நிற்கும் இடத்தைக் கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு ராசி என்று ஆரூடம் குறிக்கும் வழக்கம் இன்றைய ஜாமக்கோள் ஜோதிடர்கள் பலரிடம் இருக்கிறது.

நிமிட முள் எங்கே நிற்கிறது என்பது வானத்தைப் பொறுத்ததல்ல; அரசாணையைப் பொறுத்தது. சென்னை தன் உள்ளூர் நேரத்திலேயே இருந்திருந்தால் இன்று சொல்லப்படும் ஆரூடம் ஒவ்வொன்றும் ஒரு ராசியோ இரண்டு ராசியோ பின்னால் இருந்திருக்கும். இலங்கை இதற்கு நடந்த உதாரணம். 1996 மே மாதம் அந்நாடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. நிமிட முள்ளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னால் இழுத்து, கிரீன்விச்சிலிருந்து ஆறு மணி நேரம் என்று நிறுத்தினார்கள். 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட ஒன்பதரை ஆண்டுகளில் கொழும்பில் நிமிட முள்ளைப் பார்த்து ஆரூடம் சொல்லியிருந்தால், அதே கணத்தில் ராமேஸ்வரத்தில் சொல்லும் ஆரூடத்துக்கு நேர் எதிர் ராசி வந்திருக்கும். முப்பது நிமிடம் ஆறு ராசி. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. ஒரே நாட்டுக்குள், ஒரே வானத்தின் கீழ், கிளிநொச்சிக்கு ஓர் ஆரூடம், கொழும்புக்கு ஓர் ஆரூடம். நிமிட முள் முறையை ஆதரிப்பவர் இதற்கு ஒரு பதில் சொல்லலாம்: பிள்ளை பொன் வைப்பதுபோல முள்ளும் ஒரு சகுனம், அதற்கு வானத்தோடு சம்பந்தம் வேண்டியதில்லை என்று. அது ஏற்கத்தக்க பதில்தான். ஆனால் அப்படிச் சொன்னபின் ‘துல்லியமான நேரம்’ என்ற பெருமையை அந்தப் புள்ளிக்குக் கொடுக்க முடியாது.

துல்லியம் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். இன்றைய மென்பொருள் லக்னத்தை விகலை வரை காட்டுகிறது. பார்ப்பவருக்கு மலைப்பாக இருக்கும். ஆனால் லாகிரி அயனாம்சத்துக்கும் ராமன் அயனாம்சத்துக்கும் வித்தியாசம் ஒன்றரைப் பாகைக்கு அருகில். அதை நேரமாக மாற்றினால் ஆறு நிமிடம். எந்த அயனாம்சம் என்ற கேள்வி முடியாமல் இருக்கும்வரை நொடிக் கணக்கு அலங்காரம்தான். வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்ற பிரிவும் சேர்ந்தால், எந்த நேரத்தை எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால் தீர்க்க வேண்டியவை வரிசையில் நிற்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்க்கப் பார்த்தவர் திருவையாற்றில் 1908இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தவர். 1972இல் மறையும்வரை தன் பெயரால் வழங்கும் பத்ததியை வளர்த்தார். நட்சத்திரம் ஒவ்வொன்றையும் விம்சோத்தரி தசை ஆண்டுகளின் விகிதத்தில் ஒன்பது உபங்களாகப் பிரித்தது அவர் முறையின் அடிப்படை. சமமற்ற பிரிவு அது: சுக்கிரனின் உபம் இரண்டு பாகையைத் தாண்டும், சூரியனின் உபம் நாற்பது கலைதான். நாற்பது கலை என்றால் லக்னத்துக்கு இரண்டு நிமிடம் நாற்பது நொடி. பிரசன்னத்தில் இதைக் கடிகாரத்தை வைத்துப் பிடிக்கப் போனால் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் உபம் மாறிவிடும். முறை நுணுக்கமாக ஆக ஆக நேரம் கைவிடும். அவர் செய்தது துணிச்சலான காரியம்: லக்னத்தை நேரத்திலிருந்து கழற்றிவிட்டார். கேட்பவர் 1 முதல் 249 வரை ஓர் எண் சொல்ல வேண்டும். அந்த எண்ணுக்குரிய உபத்தின் தொடக்கம் லக்னம்.

249 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. இருபத்தேழு நட்சத்திரத்துக்கு ஒன்பது வீதம் 243. ராசி எல்லை சில நட்சத்திரங்களைக் குறுக்கே வெட்டுகிறது. சூரியனின் மூன்று நட்சத்திரங்களில் அந்த வெட்டு ராகுவின் உபத்துக்குள் விழுகிறது. குருவின் மூன்று நட்சத்திரங்களில் சந்திரனின் உபத்துக்குள் விழுகிறது. செவ்வாயின் நட்சத்திரங்களிலும் ராசி எல்லை உண்டு, ஆனால் அங்கே அது சனியின் உபம் முடியும் புள்ளியில் சரியாகப் பொருந்திவிடுகிறது. ஆகவே ஆறு உபங்கள் மட்டும் இரண்டாகின்றன. 243உடன் ஆறு.

லக்னம் எண்ணுக்குப் போய்விட்ட பிறகு நேரத்துக்கு மிஞ்சுவது கிரக நிலையும், ஆளும் கிரகங்கள் என்று இந்த முறையினர் சொல்லும் கிழமை நாதன், சந்திரன் நின்ற நட்சத்திர ராசி நாதர்கள், உதிக்கும் லக்ன நாதர்கள் ஆகியவையும். இவற்றை ஜோதிடர் பலன் பார்க்க உட்காரும் நேரத்துக்கு, அவர் இருக்கும் ஊருக்குக் கணிக்க வேண்டும் என்பது விதி. டொரன்டோவிலிருந்து ஒருவர் கேட்டாலும் சென்னை ஜோதிடர் சென்னைக்கே கணிக்கிறார். கடிதம் எப்போது எழுதப்பட்டது, எப்போது தபாலில் சேர்ந்தது என்ற ஆராய்ச்சி தேவையில்லை. கேள்வியின் பிறப்பை ஜோதிடரின் கவனத்தோடு கட்டிப்போட்டுவிட்டார் கிருஷ்ணமூர்த்தி. நமது சங்கிலிக் கேள்விக்கு அவர் பதில் தயக்கமில்லாமல் 8.15 என்பதாகவே இருக்கும்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது பலன் பலிக்கிறதா என்ற கேள்வியோடு நேராக இணைந்தது. வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் 2008இல் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினார். படிப்பில் சிறந்த நூறு குழந்தைகள், மனவளர்ச்சி குன்றிய நூறு குழந்தைகள் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, எது எந்தப் பிரிவு என்று சொல்லுமாறு ஜோதிடர்களிடம் ஆளுக்கு நாற்பது வீதம் கொடுத்தார்கள். விடை அனுப்பிய இருபத்தேழு பேரின் மொத்த வெற்றி விகிதம் 46 சதவீதம். நாணயம் சுண்டினால் கிடைப்பதற்குச் சற்றுக் குறைவு. அந்தச் சோதனையை நடத்த முடிந்ததற்குக் காரணம், பிறந்த நேரம் ஜோதிடர் கையில் இல்லாமல் முன்பே பதிவாகியிருந்தது. பிரசன்னத்தில் நிலைமை அப்படியில்லை. ஐந்து நேரங்களில் ஒன்றை ஜோதிடர் பலன் தெரிந்த பிறகு தேர்ந்தெடுக்கலாம் என்றால், எந்தச் சங்கிலி கிடைத்ததையும் கிடைக்காமல் போனதையும் ஏதாவது ஒரு லக்னம் விளக்கிவிடும். அச்சில் வரும் உதாரணப் பிரசன்னங்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்: நேரம் எப்படித் தீர்மானிக்கப்பட்டது, பலன் தெரிவதற்கு முன்னால் அது எழுதி வைக்கப்பட்டதா? பெரும்பாலும் ஒரு மணியும் நிமிடமும் மட்டும் இருக்கும்; அது யாருடைய நேரம் என்ற குறிப்பு இருக்காது.

அந்த அளவில் எண் முறை சோதனைக்கு வசதியானது. எண்ணைக் கேட்பவர் சொல்கிறார், ஜோதிடர் மாற்ற முடியாது, நாளும் வேளையும் பதிவாகின்றன. குறை வேறு இடத்தில் வருகிறது. மனிதர்கள் எண்களைச் சமமாகப் பரப்பிச் சொல்வதில்லை. நம் ஊரில் மூன்று இலக்கத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்றால் பலர் வாயில் முதலில் வருவது 108. கிருஷ்ணமூர்த்தியின் அட்டவணையில் 108க்குக் கன்னி லக்னம், உத்திர நட்சத்திரம், சனியின் உபம். சாமியை நினைத்துக்கொண்டு 108 என்று சொல்கிற அத்தனை பேருக்கும், கேள்வி கல்யாணமோ கடனோ, லக்னத்தின் உபநாதன் சனிதான். அட்டவணையைப் படித்திருப்பவர் என்றால் தனக்குப் பிடித்த உபத்தின் எண்ணைச் சொல்லிவிட்டு, பலன் நன்றாக வந்தது என்று திருப்தியோடு எழுந்து போகலாம்.